கேக்காமல் மூடாது

"கேக்காமல் மூடாது" என்று ஜஸ்ரின் தொலைபேசியில் சொன்ன சொல்லோடு சிவரூபனின் வேலை போயிற்று.

சொன்னபோது ஜஸ்ரின் சாவகச்சேரியில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் மாடியறையில், மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியின் மறுபக்கம் இராசநாயகம். காங்கேசன்துறைக் கடற்கரையோரம் மீனும் இறாலும் உறையவைக்கும் நாலு குளிரறைகளுக்கு முதலாளி. வெள்ளி இரவு நாலாம் அறையின் இயந்திரம் நின்றுவிட்டது. சனி காலையில் கதவைத் திறந்தவர்களின் முகத்தில் நாற்றம் அறைந்தது. உள்ளே இருந்த இறால் முழுவதையும் கிடங்கு வெட்டித் தாட்டார்கள்.

இயந்திரம் என்றால் நிற்கும். அதில் ஆருக்கும் கோபமில்லை. அறை சூடேறினால் சைரன் கத்தவேண்டும். கத்தவில்லை. அந்தச் சைரனைக் கத்தவைக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் ஜஸ்ரின்.

அவன் எழுதியது பெரிய வித்தை ஒன்றுமல்ல. திரையில் அறைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் அந்த அறையின் குளிர் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் இலக்கம். நாலு பெட்டியும் திரையில் விரியும் பெரிய யன்னலின் ஓரத்தில், துறையில் கட்டிய வள்ளங்கள் மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வேண்டுமென்றால் ஒன்றை மௌசால் பிடித்து வெளியே இழுத்து, திரையில் விரும்பிய இடத்தில் தனியே மிதக்கவிடலாம். திரும்ப ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டுகிற, கழட்டுகிற வேலையை அவன் எழுதவில்லை. வேறு ஆரோ எழுதி எல்லோருக்கும் பொதுவில் விட்டிருந்ததை எடுத்துப் பூட்டினான். அவன் சொந்தமாக எழுதியது ஒரு கேள்வி. பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமத்தினால், ‘இந்த அறையைக் கவனிப்பதை நிறுத்தவா? இனிச் சைரன் அடிக்காது’ என்று அது கேட்கும். கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஓம் என்றால்தான் பெட்டி மூடும். அறையைக் கழுவிக் காயவிடும் நாளில் சைரன் வீணாகக் கத்தாமல் இருப்பதற்கு வைத்த வழி அது.

சனிக்கிழமை காலையில் இராசநாயகம் போய்ப் பார்த்தபோது திரையில் மூன்று பெட்டிகள்தான் நின்றன. நாலாவதைக் காணவில்லை. கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டதும் நாலும் வந்தன. நாலாம் அறையின் குளிரை அளக்கும் உணர்கருவி சூட்டைக் காட்ட, சைரன் உடனே கடற்கரைக்கே கேட்கக் கத்தியது.

"அப்ப திரையைப் பாக்கிற உவன் ஓம் எண்டு அமத்தித்தான் மூடியிருக்கிறான்?" என்று இராசநாயகம் கேட்டார்.

"ஓம் ஐயா. கேக்காமல் மூடாது. ஆரோ வேணுமெண்டு அமத்தினால் ஒழிய..."

"ஆரோ எண்டு ஏன் இழுக்கிறீர்? அந்தக் கதிரையிலை இருக்கிறது சிவரூபன் ஒருத்தன்தான்."

ஜஸ்ரின் பிரித்த பார்சலைப் பார்த்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பழி தன் வாசலுக்கு வராமல் பக்கத்து வாசலுக்குப் போனதில் அவனுக்கு ஒரு நிம்மதி. சந்தேகப்பட ஒருவன் கிடைத்துவிட்டால் செய்த வேலையைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி மறுபடி போன் எடுத்தார். "ஒருக்கா வந்து, கேக்காமல் மூடாதெண்டதை எல்லாருக்கும் முன்னாலை காட்டிச் சொல்லும் தம்பி. அதோடை நான் பொலிசுக்குப் போறன். பக்கத்துக் கொம்பனிக்காரன் அவனுக்கு ஏதோ குடுத்துத்தான் செய்விச்சிருக்கிறான்."

---

பின்னேரம் ஜஸ்ரின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினான். முற்றத்தில் தகரக் கொட்டிலின் கீழ் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். இறப்பர் சப்பாத்து, தலையில் துணி, நீரில் ஊறி வெளிறிய விரல்கள். அந்த விரல்களை அவனுக்குத் தெரியும். அவனுடைய தாயும் இப்படி ஒரு கொட்டிலில் நின்றுதான் அவனைக் கம்பஸுக்கு அனுப்பினாள். ஆனாலும் இப்போது அவன் கொட்டில் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

"கொம்பியூட்டர் டொக்டர் வந்திட்டார்" என்றாள் யசிந்தா. கொட்டிலில் மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். "என்ன தம்பி, பிரேத பரிசோதனையோ?"

"சும்மா பாக்க வந்தனான் அக்கா."

"இறாலைத் தாட்டாச்சு. இனித் தாட்டு முடிக்கக் கிடக்கிறது சிவரூபன்தான். வடிவாப் பாத்துத் தாட்டுவிடும்."

பெண்கள் சிரித்தார்கள். அது எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று அவனால் பிடிக்க முடியவில்லை.

வாசல் படலையடியிலிருந்து ஆரோ கூப்பிட, ஜஸ்ரின் திரும்பிப் போனான். அங்கே சிவரூபன் நின்றான். நாற்பது வயது மதிக்கலாம். உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தபடியால் படலைக்கு வெளியே, மதிலில் சாயாமல், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நின்றான். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. காலில் புதுச் சப்பாத்து. ஜஸ்ரினின் கண் முதலில் அந்தச் சப்பாத்துக்குத்தான் போனது.

"தம்பி, நான் உந்தப் பெட்டியை மூடேல்லை. அது என்னட்டை ஒண்டும் கேக்கவுமில்லை."

"கேக்காமல் மூடாது அண்ணை."

"அதைத்தான் நீர் முதலாளிக்கும் சொல்லியிருக்கிறீர்."

"நான் எழுதினது எனக்குத் தெரியும்தானே."

சிவரூபன் அவனை ஒருகணம் பார்த்தான். "என்ரை பெட்டை ஸ்கூலுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். இறால் கள்ளன்ரை மகள் எண்டு அங்கை பகிடி பண்ணுதுகளாம். உமக்குத் தெரிஞ்சதோடை இதையும் சேர்த்து வைச்சிரும்."

நல்லாய்க் கதைக்கிறான், கதைக்கப் பழகியவன் என்று ஜஸ்ரின் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

---

அலுவலகம் என்பது முற்றத்தின் ஓரத்தில் நின்ற ஒரு சின்ன அறை. குளிரறை கட்டி மிஞ்சிய தகட்டுப் பலகைகளையே நிமிர்த்திப் பூட்டி, முன்பக்கம் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். மேசையில் கணினி. அதற்கு முன்னால் இராசநாயகம், பக்கத்துக் கதிரையில் அவர் மனைவி பத்மாவதி. சிவரூபனையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவனுக்குக் கதிரை கொடுக்கவில்லை.

ஜஸ்ரின் மௌசைப் பிடித்தான். நாலாவது பெட்டியின் மூலையில் அமத்தினான். கேள்வி வந்தது. ‘இல்லை’ என்றான். மறுபடி அமத்தினான். மறுபடி வந்தது. மற்ற மூன்று பெட்டிகளிலும் செய்து காட்டினான். கேள்வி ஒரு இடத்திலும் தவறவில்லை.

"பாத்தியோ?" என்றார் முதலாளி சிவரூபனைப் பார்த்து. "ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கேட்டிருக்குது, நீ ஓம் எண்டிருக்கிறாய்."

"நான் அமத்தேல்லை முதலாளி. நான் உந்தப் பெட்டியை அவிட்டு விடுறனான். அவ்வளவுதான்."

"அவிட்டு விடுறனெண்டால்?"

சிவரூபன் ஜஸ்ரினைக் கேட்காமலே குனிந்து மௌசை வாங்கினான். நாலாவது பெட்டியைப் பிடித்து ஓரத்திலிருந்து இழுத்தான். அது கழன்று நடுத்திரைக்கு வந்தது. மூலையைப் பிடித்து அகட்டினான். இலக்கம் உள்ளங்கை அளவுக்குப் பெருத்தது. "நாலாவது மெசின்தானே அடிக்கடி மக்கர் பண்ணுறது. இப்பிடிப் பெரிசாக்கி விட்டால், முற்றத்திலை நிண்டாலும் கண்ணாடிக்குள்ளாலை தெரியும். ஒவ்வொருக்கா உள்ளுக்கு வந்து பாக்கத் தேவையில்லை."

"பிறகு?"

"பிறகு திரும்பக் கட்டி விடுவன்."

ஜஸ்ரின் பெட்டியைப் பார்க்கவில்லை. சிவரூபனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கவனத்தை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறவனிடம் எதையோ மறைக்க இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. "அண்டைக்குப் பின்னேரமும் உள்ளுக்கைதான் நிண்டனீங்களோ அண்ணை?" என்று கேட்டான். கேட்டபோது தன் குரல் பொலிஸ்காரனின் குரல் மாதிரி இருந்தது அவனுக்கே கேட்டது.

"ஓம்."

"முழுக்க?"

"ஓம் எண்டுறன்."

இராசநாயகம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பொய். பச்சைப் பொய். விளக்கு வைக்கிற நேரம் சந்தித் தேத்தண்ணிக் கடையிலை பக்கத்துக் கொம்பனி மனேச்சரோடை இருந்தவன் ஆர்? என்ரை டிரைவர் கண்டவன். சொல்லடா, என்ன கதைச்சனீ?"

சிவரூபன் குனிந்து தன் புதுச் சப்பாத்தைப் பார்த்தான்.

அத்தோடு எல்லாம் முடிந்துபோயிற்று. ஜஸ்ரினுக்கு உள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. பொய் சொல்லியிருக்கிறான். ஆகவே பெட்டியையும் அவன்தான் மூடியிருக்கிறான். புதுச் சப்பாத்தும் சேர்ந்துவிட்டது. தான் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

"நட வெளியிலை. சட்டையை மாத்திக்கொண்டு வாறன், ரெண்டு பேரும் பொலிசுக்குப் போவம். தம்பி, நீரும் வந்து இதைச் சொல்லவேணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி சிவரூபனைத் தோளில் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுபோனார். முற்றத்தில் பெண்களின் கை நின்றது.

---

ஜஸ்ரின் கதிரையில் தனியே இருந்தான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எழும்பிப்போன பத்மாவதி ஒரு சின்னக் குத்துவிளக்கோடும் ஒரு தட்டில் பூவோடும் திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் எழும்பும் தம்பி. வெள்ளிக்கிழமை. ஒருக்கா விளக்கு வைக்கவேணும்."

அவன் எழும்பி ஒதுங்கினான். சாமிப்படம் எங்கே என்று சுவரைப் பார்த்தான். படம் இல்லை.

"என்ன தேடுறீர்? உந்தத் தகட்டிலை ஆணி இறங்காது. ஒட்டி வைச்சால் ரெண்டு நாளிலை விழுது. சாமி விழுந்தால் நல்லதோ? அதுதான் மகன் கனடாவிலை இருந்து கதைக்கேக்கை வழி சொன்னவன். இதுக்குள்ளை போட்டாச்சு."

அவள் முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தாள். விளக்கை மேசையில் வைத்தாள். பழகிய கையால் மௌசைப் பிடித்து, பெரிய யன்னலின் மேலே இருந்த சின்னக் கோட்டுக் குறியை அமத்தினாள். பெரிய யன்னல் கீழே இறங்கி ஒளிந்தது. திரை முழுக்க மாவிட்டபுரம் கந்தன், வேலோடும் மாலையோடும். ஆனால் சிவரூபன் அவிழ்த்துவிட்ட நாலாவது பெட்டி பெரிய யன்னலோடு போகவில்லை. அது சாமியின் முகத்துக்கு நேரே, உள்ளங்கை அளவு இலக்கத்தோடு மிதந்துகொண்டிருந்தது.

"பாரும், முருகன்ரை முகத்திலை என்ன கிடக்குதெண்டு" என்றாள் பத்மாவதி. அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமத்தினாள்.

பெட்டி போய்விட்டது.

ஒன்றும் கேட்கவில்லை. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. முருகன் சிரித்துக்கொண்டு நின்றார். பத்மாவதி பூவை எடுத்தாள்.

ஜஸ்ரின் திரைக்குக் கிட்டக் குனிந்தான். கண் தவறிவிட்டதோ என்று முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான். பிறகு அவள் விரலை. கடைசியில்தான் தான் எழுதிய புரோகிராமை. அவிழ்த்துவிட்ட பெட்டியைச் சுற்றி, படத்துக்குப் போடுவது மாதிரி, புதிதாக ஒரு சட்டம் முளைக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அதற்கென்று ஒரு பெருக்கல் குறி. அதை அமத்தினால் சட்டம் மூடுகிறது. உள்ளே இருக்கிற பெட்டியை ஒரு சொல் கேட்காமல் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அவன் கேள்வியை வைத்தது கட்டி நிற்கும் பெட்டியின் வாசலில். அவிழ்த்த பெட்டிக்கு வேறு வாசல். அந்த வாசலை அவன் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தான், திரும்பக் கட்டிப் பார்த்தான். அவிழ்த்தபடியே மூடிப் பார்க்கவில்லை. அதைவிடக் கேடு, அறையைக் கவனிக்கிற வேலையையும் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தான். பெட்டி போனால் காவலும் போகும்.

அவள் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள். அவன் பொறுத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா... ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடித்தானோ மூடுறனீங்கள்?"

"சாமிக்கு முன்னாலை கிடக்கிறதை மூடாமல்? ஆனால் கன வெள்ளி ஒண்டும் கிடக்காது. அந்தச் சிவரூபன் முதலே எடுத்து வைச்சிடுவான். உந்த ஒழுங்கெல்லாம் அவனுக்கு இருந்தது. சும்மா சொல்லக்கூடாது."

"போன வெள்ளி?"

"போன வெள்ளி..." அவள் யோசித்தாள். "கிடந்ததுதான். அவனைக் காணேல்லை. நான்தான் மூடினனான். ஏன் கேக்கிறீர்?"

அவன் பதில் சொல்லாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். முற்றத்தின் நடுவில் சிவரூபன் நின்றான். பெண்களைப் பார்க்கவில்லை, படலையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் ஜஸ்ரினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன கண்டான் என்று ஜஸ்ரினுக்குத் தெரியவில்லை. ஏதோ கண்டுவிட்டான் என்று மட்டும் பட்டது.

வாயை மூடிக்கொண்டு போகலாம். இன்றைக்கே வீட்டுக்குப் போய்த் திருத்தி, புதுப் பதிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டால் ஆருக்கும் தெரியவராது. சிவரூபன் எப்படியும் பொய்காரன்தானே, தேத்தண்ணிக் கடையில் இருந்தவன்தானே. இந்தக் கணக்கு ஜஸ்ரினின் தலைக்குள் ஓடியது உண்மை. ஓடியதை அவன் தடுக்கவுமில்லை. ஆனால் வெளியே நிற்கிற அந்த மனிதன் கண்ணை எடுக்கவில்லை.

முதலாளி சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "வெளிக்கிடுவமோ தம்பி?"

"ஐயா, பொலிசுக்குப் போகவேண்டாம். நான் சொன்னது பிழை. கேக்காமலும் மூடுது."

---

இராசநாயகம் கோபப்படவில்லை. அவர் கண்கள் சுருங்கின. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"போன சனி கேக்காமல் மூடாது எண்டனீர். இப்ப, நான் சட்டை மாத்திறதுக்கிடையிலை, மூடும் எண்டுறீர். வரேக்கை படலையடியிலை அவனோடை நிண்டு கதைச்சனீர்தானே? என்ன கதைச்சனீங்கள்?"

"அப்பிடி ஒண்டுமில்லை ஐயா. அவர் அவிட்டு விட்ட பெட்டியை அம்மா மூடினவா. அது கேக்கேல்லை. இப்ப கண்ணாலை கண்டனான்."

"நானோ?" பத்மாவதி தட்டை மேசையில் வைத்தாள். "நான் விளக்கு வைச்சதாலையோ இறால் அழுகினது? அதுவும் சேர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரப் பிள்ளை வந்து நிண்டு எங்கடை விளக்கிலை பழியைப் போடுது. கேக்கிறீங்களே இந்தக் கதையை?"

"அம்மா, விளக்கிலை பிழையில்லை. உங்கடை கையிலையும் பிழையில்லை. மூடேக்கை அது உங்களைக் கேட்டிருக்கவேணும். கேக்கப் பண்ணாதது நான்."

"வாயாலை ஆரும் என்னவும் சொல்லலாம்" என்றார் முதலாளி. "காட்டும்."

ஜஸ்ரின் பெரிய யன்னலைத் திரும்ப மேலே எடுத்தான். மூன்று பெட்டிகள். நாலாவது இல்லை. போன சனிக்கிழமை காலையில் நின்ற அதே திரை. நாலாம் அறை கழுவி, இயந்திரம் திருத்தி, குளிரோடு வெறுமையாகக் கிடந்தது. அதன் உணர்கருவியின் நீட்டு வயரை முதலாளியே இழுத்துக்கொண்டு வந்தார். ஜஸ்ரினின் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. யசிந்தாவின் கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையை வாங்கி, ஆவி பறக்கிற தேத்தண்ணிக்குள் கருவியை விட்டார். கொட்டிலில் இருந்த பெண்கள் எழும்பி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. கடல் இரைந்தது. தேத்தண்ணிக்குள் வயர் கிடந்தது.

"இப்ப இரண்டாவதின்ரையை விடுங்கோ" என்றான் ஜஸ்ரின்.

இரண்டாம் அறையின் கருவியைக் கொண்டுவந்து அதே கோப்பைக்குள் விட்டதும் சைரன் ஊளையிட்டது. ஒருத்தி காதைப் பொத்தினாள். காகங்கள் கிளம்பின. முதலாளி கருவியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆரையும் நம்பாதவர் செய்கிற மாதிரி, நாலாவதைத் திரும்பவும் தேத்தண்ணிக்குள் விட்டார். மௌனம்.

"என்ரை தேத்தண்ணி போச்சு" என்றாள் யசிந்தா.

ஆரும் சிரிக்கவில்லை.

"கூப்பிடும் அவனை" என்றார் முதலாளி.

சிவரூபன் வாசலில் வந்து நின்றான். உள்ளே ஏறவில்லை. முதலாளி அவனைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப கடையிலை அவனோடை என்ன கதைச்சனீ? அதையாவது உள்ளபடி சொல்லு."

"வேலை கேட்டனான்."

"என்ன?"

"அவர் கூப்பிட்டவர், போனனான். கூடத் தாறன் எண்டவர். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வந்தனான். நிண்டிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பன், அது உண்மை. திரும்பி வந்து பாக்கேக்கை மூண்டுதான் தெரிஞ்சது. அம்மா கட்டி வைச்சிருக்கிறா, நாலாவது மற்றதுகளுக்குப் பின்னாலை நிக்குதாக்கும் எண்டு நினைச்சன். சைரன் இருக்குதுதானே எண்டு படுத்திட்டன். வேலை கேக்கப் போனதை முதலாளிக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. பொய் சொன்னனான். அந்தப் பொய் என்ரை. இறால் என்ரையில்லை."

முதலாளி கருவியைத் தேத்தண்ணிக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "சரி. நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

"இல்லை முதலாளி."

"பிறகென்ன? பொலிசுக்குப் போகேல்லை எண்டுறன்."

"கள்ளனெண்டு சொன்னது இந்த அறைக்குள்ளையில்லை. முற்றத்திலை நிண்டு, இவையள் எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னனீங்கள். இல்லையெண்டிறதையும் அங்கை நிண்டு சொல்லுங்கோ."

இராசநாயகத்தின் கழுத்து நரம்பு தெரிந்தது. தன் முற்றத்தில், தன்னிடம் கூலிக்கு நிற்கும் பெண்களுக்கு முன்னால், பிழை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவர் மெல்லத் திரும்பி ஜஸ்ரினைப் பார்த்தார். "இவர்தான் எனக்குச் சொன்னவர். இவர் சொல்லட்டும்."

அதுவும் உண்மைதான். ஜஸ்ரின் வெளியே இறங்கினான். பெண்கள் கொட்டிலுக்குப் போகாமல் சுற்றி நின்றார்கள். அவன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் யசிந்தாவின் இறப்பர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சிவரூபன் அண்ணை அந்தப் பெட்டியை மூடேல்லை. அது என்ரை பிழை. நான் வடிவாப் பாக்காமல் முதலாளிக்குச் சொல்லிப்போட்டன்."

"கேக்கேல்லை தம்பி" என்றாள் யசிந்தா.

"அக்கா?"

"போன கிழமை கள்ளன் எண்டு சொன்ன சத்தம் அங்காலை வள்ளத்திலை நிண்டவங்களுக்கும் கேட்டது. உம்மடை சத்தம் எனக்கே கேக்கேல்லை. இன்னொருக்கா சொல்லும்."

பின்னால் நின்ற ஒருத்தி, "மைக் வேணுமோ அக்கா?" என்றாள். இந்தமுறை சிரிப்பு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

ஜஸ்ரின் மறுபடி சொன்னான். தொண்டை கிழியச் சொன்னான். மதிலுக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி உள்ளே போய்விட்டார். பத்மாவதி மட்டும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யசிந்தா தலையாட்டினாள். "இது காணும். நாளைக்கு உம்மடை பெட்டைக்கு நான் போய்ச் சொல்லுறன்" என்று சிவரூபனிடம் சொல்லிவிட்டுப் பெண்களைக் கொட்டிலுக்கு விரட்டினாள்.

சிவரூபன் முற்றத்தில் நின்றான். போகவுமில்லை, வேலைக்கு வருவதாகச் சொல்லவுமில்லை.

"எப்ப திருத்துவீர்?" என்று கேட்டான்.

"வீட்டை போய்..."

"வீட்டை வேண்டாம். இங்கை இருந்து திருத்தும்."

ஜஸ்ரின் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தான். சட்டத்தின் வாசலிலும் கேள்வியை வைக்கவேண்டும். அதற்கு முதல், காவலைப் பெட்டிக்குள்ளிருந்து பிடுங்கி வெளியே, ஆர் எதை மூடினாலும் சாகாத இடத்தில் நடவேண்டும். எழுதத் தொடங்கினான். பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சிவரூபன் அதில் இருந்தான், முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு.

"நேரமெடுக்கும் அண்ணை. நீங்கள் வீட்டை போகலாமே. முடிஞ்சதும் போன் எடுக்கிறன்."

"பரவாயில்லை. நீர் செய்யும்."

"இதிலை ஓடுறது உங்களுக்கு விளங்காது..."

"விளங்காட்டில் என்ன? நான் எழுத்தைப் பாக்கேல்லை" என்றான் சிவரூபன். "உம்மைப் பாக்கிறன்."